குடைக்கம்பியில் நடந்த லாரி

இனிமேல் குழந்தை பிறக்கும்வரை படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று செங்கல்பட்டு டாக்டரம்மா சொன்னபோது ஸ்வாதிக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கர்ப்பப்பையின் வாயில் தையல் போட்டிருந்தார்கள். அந்தத் தையல் தாங்க வேண்டுமென்றால் அவள் படுத்தே கிடக்க வேண்டும். குளியலறைக்குப் போய்வரலாம், சாப்பிடும்போது தலையணைகளில் சாய்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான். ஏற்கெனவே இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிருந்தபடியால் அவளும் சரி, அவள் கணவன் ஹரிகிருஷ்ணனும் சரி, மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது அவன் ஒவ்வொரு வேகத்தடையிலும் காரைக் கிட்டத்தட்ட நிறுத்தி, முட்டை ஏற்றிய வண்டி மாதிரி ஏற்றி இறக்கினான்.

வீடு திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில், ஒரு சின்னத் தெருவின் கடைசியில் இருந்தது. ஹரிகிருஷ்ணனுக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை போதும் என்று பிடித்த வாடகை வீடு. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே மதில் கிடையாது. கொஞ்ச தூரம் புல், அப்புறம் பாறைகள். யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டு அடுக்க மறந்துபோன மாதிரி, உருண்டை உருண்டையாக ஒன்றன்மேல் ஒன்று கிடந்து ஒரு சின்னக் குன்றாக எழும்பியிருந்தன. குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஸ்வாதி அந்தக் குன்றை நின்று பார்த்ததில்லை. வெளுக்கும் முன்பே கம்பெனி பஸ் பிடித்து மறைமலைநகர் போவாள். திரும்பி வரும்போது ஜன்னல் கறுத்திருக்கும். இப்போது கண் விழித்தால் பாறை, கண் மூடுகிறவரை பாறை.

மறைமலைநகரில் அவளுக்கு லாரிகளின் அடிப்பாகத்தை வரைகிற வேலை. சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கிற கம்பிகள், ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்பிவிடுகிற கம்பிகள், லிங்க், டை ராடு என்று கம்பெனியில் சொல்கிற அத்தனையும் அவளுடைய கம்ப்யூட்டரில்தான் பிறந்தன. நாமக்கல்லில் லாரிகளுக்கு நடுவே வளர்ந்தவள்தான். ஆனாலும் தான் வரைந்த கம்பி ஒன்றைக் கையில் எடுத்து அவள் பார்த்ததே இல்லை. வரைவாள், அனுப்புவாள், வேறெங்கோ யாரோ செய்வார்கள்.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஹெலன் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பல வருஷம் ஆயாவாக இருந்ததால் எதைப் பார்த்தும் பதற்றம் வராத பெண். பாறைக்குப் பின்பக்கத்து ஊர். புருஷன் ராஜேந்திரன் பஸ் டிரைவர். வந்ததும் ஜன்னலைத் திறப்பாள், கஞ்சி வைப்பாள், ஸ்வாதியின் கால்களைத் தேய்த்துவிடுவாள், பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். பேச்சு கொஞ்சம்தான். ஒன்றை மட்டும் வந்த அன்றே கவனித்துவிட்டாள். அந்த வீட்டில் குழந்தை என்ற வார்த்தையை யாரும் சொல்வதில்லை. ஸ்கேன், மாத்திரை, வாரம் என்றே பேசிக்கொண்டார்கள். தொட்டில் வாங்கவில்லை, பேர் யோசிக்கவில்லை. பழைய பருத்திப் புடவை இருந்தால் கொடுங்கள், துவைத்துக் கிழித்து வைக்கிறேன் என்று ஹெலன் ஒருநாள் கேட்டதற்கு, "இப்ப வேண்டாங்க்கா," என்று ஸ்வாதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாத்திரைகள் அவளைச் சொக்க வைத்தன. சாப்பிட்ட கை காயுமுன் கண் செருகும். விழித்தால் மத்தியானமா சாயங்காலமா தெரியாது. மின்விசிறிச் சத்தம் சில சமயம் மழை மாதிரி, சில சமயம் தூரத்து நெடுஞ்சாலை மாதிரி கேட்கும். பாறைகள் வெயில் ஏறும்போது வெளுத்து, இறங்கும்போது தேன் நிறமாகி, ஜன்னலை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்து வந்த மாதிரி இருக்கும். அவை நகரவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கண்ணை மூடித் திறந்து சரிபார்த்துக்கொள்வாள்.

அவளோடு வேலை பார்க்கிற ஜெரோம் ஒரு சனிக்கிழமை மாதுளம்பழமும் ஒரு அட்டைப்பெட்டியும் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தான். பெட்டிக்குள் ரிமோட்டில் ஓடுகிற ஒரு சின்ன லாரி. வேகமாக ஓடுகிற வகையல்ல. பாறைமேல் ஆமை மாதிரி ஊர்ந்து ஏறுவதற்கென்றே செய்தது. க்ராலர் என்று அதற்குப் பேர். ஒவ்வொரு சக்கரமும் தன்னிஷ்டத்துக்கு ஏறும், இறங்கும். வண்டியின் உடம்பு மட்டும் தளும்பாமல் போகும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு சஸ்பென்ஷன் என்றால் என்னவென்று காட்டுவதற்காக வாங்கியது, யாரும் தொடாமல் பீரோவின் மேல் கிடந்தது என்றான் ஜெரோம்.

"உனுக்கும் பொழுது போவணும்ல. இத்த உருட்டிக்கினு இரு," என்று சொல்லிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் போனபிறகு ஸ்வாதி ரிமோட்டை எடுத்தாள். மடக்கிய முழங்கால்களின் மேல் போர்வை மலையாக எழும்பியிருந்தது. லாரி அவள் பாதத்திலிருந்து கிளம்பி, கணுக்காலைச் சுற்றி, போர்வை மடிப்புகளில் ஒவ்வொரு சக்கரமாகக் கால் வைத்து முழங்கால் உச்சிக்கு ஏறியது. அதன் மோட்டார் வண்டு மாதிரி முனகியது. அடிவயிற்றுக்கு அருகில் வந்தபோது அவள் சட்டென்று திருப்ப, அது சரிந்து கட்டிலுக்குக் கீழே விழுந்தது. ஹெலன் எடுத்து நிமிர்த்தி வைத்தாள். முன்சக்கரங்கள் இரண்டும் கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்தன.

"இன்னாமா இது, வாத்து மாரி நடக்குது," என்றாள் ஹெலன்.

இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கிற டை ராடு வளைந்துபோயிருந்தது. சாதாரண பிளாஸ்டிக் குச்சி. ஸ்வாதி அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இரண்டு முனையிலும் மிளகு அளவில் உருண்டை மூட்டுகள். இத்தனை வருஷமாகத் தான் வரைந்துகொண்டிருந்த பொருள், விரல் நீளத்துக்குச் சுருங்கிக் கையில் கிடந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கட்டிலில் படுத்தபிறகு சிரித்தது அதுதான் முதல் தடவை. இதை நானே செய்துகொள்வேன் என்று சாயங்காலம் ஹரிகிருஷ்ணனிடம் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னென்ன வேண்டும் என்று கேட்டான்.

திருக்கழுக்குன்றத்து ஹார்டுவேர் கடையில் நெடுக மரை போட்ட மெல்லிய கம்பி கிடைத்தது. அதன்மேல் மாட்டுவதற்குக் குழாய்தான் கிடைக்கவில்லை. கடைசியில் ஹெலன் தன் வீட்டிலிருந்து காற்றில் ஒடிந்துபோன குடை ஒன்றைக் கொண்டுவந்தாள். அதன் தண்டு உள்ளே பொள்ளலாக, கம்பி நுழைவதற்கு அளவாக இருந்தது. ஹரிகிருஷ்ணன் வாசற்படியில் உட்கார்ந்து ஹேக்ஸா பிளேடால் அறுத்துக் கொடுத்தான். மீதி வேலை படுக்கையில். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, தாம்பாளத்தில் துண்டை விரித்து, அதன்மேல் வைத்து ஸ்வாதி அரத்தால் ராவுவாள். உள்ளே கம்பி, மேலே குடைக்குழாய், இரண்டு முனையிலும் பழைய லிங்க்கிலிருந்து கழற்றிய மூட்டுகளைத் திருகினால் ஒரு லிங்க் தயார். டை ராடைச் செய்தவள் அதோடு நிற்கவில்லை. மேல் லிங்க், கீழ் லிங்க், முன்னுக்கு, பின்னுக்கு என்று வண்டியின் எல்லாக் கம்பிகளையும் மாற்றினாள்.

முதலில் செய்தவை சரியாக வரவில்லை. லாரி நேராகப் போகாமல் சுவரோரமாக ஒதுங்கியது. "இஸ்துகினு போவுது பாரு, இடுப்பு சுளுக்கிக்கின மாரி," என்று ஹெலன் சொன்னதும் ஸ்வாதி இடமும் வலமும் இருந்த கீழ் லிங்க்குகளைக் கழற்றி அருகருகே வைத்துப் பார்த்தாள். கண்ணுக்கு இரண்டும் ஒரே நீளம். கட்டைவிரல் நகத்தை முனைகளின் மேல் ஓட்டியபோது ஓரிடத்தில் நகம் தட்டியது. அந்தத் தட்டல் போகிறவரை ராவினாள். பிறகு ஒவ்வொரு ஜோடியையும் நகத்தால் தடவித் தடவியே செய்தாள். வேலை செய்துகொண்டிருக்கும்போதே தூக்கம் வந்துவிடும். அரம் கையிலேயே இருக்கும். ஹெலன் அதை எடுத்து வைத்துவிட்டு, இரும்புத் தூளை ஈரத்துணியால் ஒற்றித் துடைப்பாள்.

அந்தத் தூக்கங்களில் ஸ்வாதி லாரிக்குள் இருந்தாள். ஸ்டியரிங் முறம் மாதிரி அகலமாக இருக்கும். வெளியே வெள்ளை மலைகள், பஞ்சுபோல அமுங்குகிற பாதை, அங்கங்கே நீலப்பூப் போட்ட பள்ளத்தாக்கு. அது தன்னுடைய போர்வைதான் என்று கனவிலேயே அவளுக்குத் தெரியும். பக்கத்து சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். மூச்சு கேட்கும். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் இறங்கிப் போய்விடுவார்கள் என்று ஒரு பயம். சாலையையே பார்த்தபடி ஓட்டிக்கொண்டு போவாள். விழிக்கும்போது கழுத்து ஒரு பக்கமாக விறைத்திருக்கும்.

வீட்டுக்குள் ஏற ஒன்றும் பாக்கியில்லை என்று ஆனபோது, லாரியை வெளியே விடலாமே என்றது ஹெலன்தான். ஹரிகிருஷ்ணனின் பழைய போனை லாரியின் கூரையில் ரப்பர் பேண்டால் கட்டி, வீடியோ காலில் ஸ்வாதியின் டேப்லெட்டோடு இணைத்தார்கள். ஹெலன் லாரியைக் கொல்லைப் புல்லில் இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். கட்டிலில் சாய்ந்தபடி ஸ்வாதி ரிமோட்டைத் தள்ளினாள். திரையில் புல் காடாக எழுந்தது. ஓர் ஓணான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலகியது. பிறகு பாறை, அவள் பல வாரமாகத் தூரத்திலிருந்து பார்த்த அதே பாறை, மூக்குக்கு நேராக வந்து நின்றது. அதன் தோலில் மினுக்கும் பொடிகளும் காய்ந்த பாசியும் எறும்பு வரிசையும் தெரிந்தன.

படம் ஒரு நொடி தாமதமாகத்தான் வந்து சேரும். அவள் பார்ப்பது ஏற்கெனவே நடந்து முடிந்ததாக இருக்கும். அதனால் அவசரப்பட முடியாது. கொஞ்சம் நகர்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், வந்த படத்தைப் பார்த்து மறுபடி நகர்த்த வேண்டும். அப்படி ஓட்டுகையில் நேரம் எங்கே போகிறதென்று தெரியாது. முதல் நாள் லாரி அடிப்பாறையைத் தாண்டவில்லை. அதற்கடுத்த வாரம் ஆள் உயரப் பாறை ஒன்றின் மேல் ஏறி நின்றது. ஹெலனின் கால்விரல்கள் அவ்வப்போது திரையின் ஓரத்தில் வந்து போகும்.

ஹெலனுக்கும் அந்தக் குன்று புதிது. அதன் அடிவாரத்து வயல்களில்தான் அவளுடைய அம்மா அப்பா கூலிக்கு நட்டார்கள், அறுத்தார்கள். அவளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து நாற்று தூக்கியிருக்கிறாள். நிமிர்ந்தால் பாறை தெரியும். ஆனால் மேலே ஏற வேலையும் இருந்ததில்லை, ஏறிப் பார் என்று யாரும் சொன்னதுமில்லை. இப்போது வயல்கள் மனையாகிவிட்டன. நடுவயதில், ஒரு பொம்மை லாரியின் பின்னால் முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறுகிறோமே என்று சொல்லிவிட்டு அவளாகவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் அது நடந்தது. மத்தியானம், வானம் மூடியிருந்தது. லாரி இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்த பிளவுக்குள் நுழைந்தது. திரை இருண்டது. ஏதோ முறிகிற மாதிரி ஒரு சத்தம். படம் புரண்டு ஒரு கீற்று வானமாக நின்றது. ஹெலனின் குரல், "இரு, இரு, நான் எடுக்கறேன்," என்றது. கல் உருளும் ஓசை. அதோடு போன் இணைப்பு அறுந்துபோயிற்று.

ஸ்வாதி திரும்ப அழைத்தாள். இணைப்பே கிடைக்கவில்லை. ஹெலனின் சொந்த போனுக்கு அடித்தால் அது சமையலறையிலேயே ஒலித்தது. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காற்றுதான் வந்தது. பாம்பு இருந்திருக்குமோ, கால் இடறி விழுந்திருப்பாளோ, தலையில் அடிபட்டிருக்குமோ என்று ஒவ்வொன்றாக மனதில் வந்தது. என்னுடைய விளையாட்டுக்கு ஒருத்தியைப் பாறைக்கு அனுப்பிவிட்டேனே என்று நினைத்தாள். கையை ஊன்றி எழுந்தாள். கால்கள் வேறு யாருடையதோ போலத் தரையைத் தொட்டன. ஜன்னல்வரை போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பாறைகள் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தன. ஒருவரையும் காணோம். அப்போது வயிற்றுக்குள், உள்ளிருந்து யாரோ முழுசாகத் திரும்பிப் படுப்பது போல ஒரு புரளல். அதற்கு முன் இவ்வளவு பலமாக வந்ததில்லை. ஸ்வாதியின் கை தானாக அங்கே போயிற்று.

"ஒண்ணுமில்ல கண்ணு. அக்கா இப்ப வந்துருவாங்க. நீ பயப்படாத," என்றாள்.

சொன்னபிறகுதான் தன் குரலைக் கேட்டாள். அறைக்குள் வேறு யாரும் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தைகள் ஒருவரைப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று அவளுக்குத் தெரிந்தது. இனி அவற்றைத் திரும்ப வாங்க முடியாது. சுவரைப் பிடித்தபடி வந்து கட்டிலில் மெல்லப் படுத்தாள், இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். பேச்சு நிற்கவில்லை. ஹெலனக்கா என்பவர் யார், அவர் ஏன் பாறைமேல் போனார், லாரி என்றால் என்ன, நாமக்கல்லில் தெருவெல்லாம் பெயின்ட் வாசனை எப்படி அடிக்கும், அப்பாவுக்கு ஏன் ஹேக்ஸா பிடிக்கத் தெரியவில்லை, எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். கண்ணீர் வந்து தலையணையில் இறங்கியது. துடைக்கவில்லை.

கொல்லைக்கதவு சத்தம் கேட்டது. ஹெலன் உள்ளே வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, புடவையெல்லாம் மண், லாரி அவள் இடுப்பில் இருந்தது. பிளவுக்குள் கைவிட்டு லாரியை எடுக்கும்போது கல் புரண்டு கீறிவிட்டதாம். போன் அணைந்துபோயிருந்ததை அவள் கவனிக்கவில்லை. எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் உச்சி இதோ இருக்கிறது. இவ்வளவு வந்துவிட்டோம், ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று ஏறிவிட்டாள்.

"மேலர்ந்து பாத்தா கடலு தெரியுது ஸ்வாதிம்மா," என்றாள். குரல் மெதுவாக இருந்தது. "நான் இத்தினி வருசம் இந்தக் கல்லுக்குப் பின்னாடிதான் கீறேன். கடலு இங்கர்ந்தே தெரியும்னு எனுக்குத் தெரியாது. குந்திக்கினு பாத்துகினே இருந்துட்டேன், நேரம் போனது தெரில."

ஸ்வாதி கோபப்படலாம் என்று பார்த்தாள், கோபம் வரவில்லை. தான் எழுந்து ஜன்னல்வரை போனதைச் சொன்னாள். ஹெலன் அவளைப் புரட்டிப் பார்த்தாள், வலி உண்டா, கசிவு உண்டா என்று கேட்டாள், வயிற்றில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். ஒன்றுமில்லை என்று நிமிர்ந்தபோது, "பழைய புடவை பீரோல கீழ்த்தட்டுல இருக்குங்க்கா. எடுத்துக்குங்க," என்றாள் ஸ்வாதி.

அன்று சாயங்காலம் ஹரிகிருஷ்ணன் டீயோடு அறைக்குள் வரும்போது அவள் வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தாள். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். டீ ஆறியது. பிறகு வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, யாரிடம் சொல்கிறான் என்று சொல்லாமல், இன்றைக்கு ஆபீஸ் பஸ் புதுப்பட்டினத்தில் மாடு குறுக்கே வந்து நின்றதால் நேரமாகிவிட்டது என்று சொன்னான். அந்த மாட்டின் கொம்பு எப்படி வளைந்திருந்தது என்றும் சொன்னான்.

லாரியில் டை ராடின் மூட்டுதான் கழன்றிருந்தது. அது அச்சுக்கு முன்னால் தாழ்வாக இருந்ததால் ஒவ்வொரு கல்லும் அதில்தான் முதலில் இடித்தது. ஸ்வாதி அதை அச்சுக்குப் பின்னால், சற்று உயர்த்தி மாட்டினாள். கீழ் லிங்க்குகளும் கல்லில் உட்கார்ந்துகொண்டு வண்டியை அந்தரத்தில் தொங்கவிட்டன. நேராக இருப்பதால் வருகிற வினை. நடுவில் மேல்நோக்கி வளைந்திருந்தால் கல் அடியில் புகுந்து போய்விடும். ஹரிகிருஷ்ணன் குழாய்களைக் கதவிடுக்கில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தான். ஒன்று நசுங்கியது, குடையில் மிச்சமிருந்த துண்டில் மறுபடி செய்தார்கள். இரண்டு வளைவும் ஒத்துப்போகிறதா என்று ஸ்வாதி கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள். வளைத்த லிங்க்குகளோடு லாரி பார்ப்பதற்குக் கொஞ்சம் வளைகால்காரன் மாதிரி இருந்தது.

மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை அதை மறுபடி விட்டார்கள். ஹெலன் பின்னால் நடந்தாள். ஹரிகிருஷ்ணன் கட்டிலருகில் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டான். பாறைகள் கழுவினாற்போல் இருந்தன. குழிகளில் தேங்கிய நீரில் மேகம் கிடந்தது; லாரி அதற்குள் இறங்கி மேகத்தைக் கலக்கிவிட்டு ஏறியது. போனமுறை மாட்டிக்கொண்ட பிளவில் ஒரு சக்கரம் வண்டியின் கூரை உயரத்துக்கு எழும்பி, மற்றது பள்ளத்தில் தொங்க, வண்டி யோசிப்பது போல நின்றது. ஸ்வாதி காத்திருந்தாள். படம் வந்து சேர்ந்ததும் விரலை மிக மெல்லத் தள்ளினாள். குடைக்கம்பி கல்லில் உரசுகிற ஓசை திரை வழியாகக் கேட்டது. உரசிக்கொண்டே ஏறிவிட்டது.

அப்புறம் தடையில்லாத சரிவு. கல் முடிந்து வானம் மட்டும் வந்தது. ஹெலனின் கை வந்து லாரியைக் கொஞ்சம் திருப்பிவிட்டது. பனைகள், உப்பங்கழியின் மினுக்கம், சவுக்குத் தோப்பின் கறுப்பு வரி, அதற்கு மேல் ஒரு நீலம். சிக்னல் திணறியதால் படம் அப்படியே நின்றுவிட்டது. அலை இல்லாத கடல். கட்டிலருகில் இருவரும் அசையாத கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது நகரத் தொடங்கியது. ஹரிகிருஷ்ணன் அவள் பாதத்தின் மேல் கையை வைத்திருந்தான். ஸ்வாதி டேப்லெட்டை வாங்கி வயிற்றின் மேல் சாய்த்துவைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிப்போனாள். லாரியும் ஹெலனும் மேலேயே இருந்தார்கள்.

குழந்தை எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டது. ஒரு காலைவேளையில் பனிக்குடம் உடைந்தது. ஹெலன்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள், அவளே ஏறி உட்கார்ந்து செங்கல்பட்டுவரை ஸ்வாதியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெண் குழந்தை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதில் அடங்கிவிடுகிற மாதிரி இருந்தது. பல நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஓட்டை வழியாக விரலை மட்டும் விட்டுத் தொடலாம். அரம் பிடித்துக் காய்த்துப்போன அந்த விரலைப் பார்த்துவிட்டு நர்ஸ் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். "லாரி வேலைங்க," என்றாள் ஸ்வாதி. சில நாள் குழந்தை மூச்சுவிட மறந்துபோகும், தட்டி எழுப்புவார்கள். அந்த நாட்களில் ஹரிகிருஷ்ணன் ஆஸ்பத்திரி வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு மெல்ல எடை ஏறியது. ஆதிரை என்று பேர் வைத்து, பழைய பருத்திப் புடவையில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள்.

படுத்தே கிடந்ததில் ஸ்வாதியின் கால்கள் மெலிந்துபோயிருந்தன. வெயில் ஏறுவதற்கு முன் தெருமுனைவரை நடந்து பழகினாள். மாசி மாதம் ஒரு சாயங்காலம் எல்லாரும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கூட்டமில்லாத ஒரு கடற்கரைக்குப் போனார்கள். ராஜேந்திரனும் வந்திருந்தான். ஹெலன் எதற்கோ லாரியையும் எடுத்து வந்திருந்தாள். ஈர மணலில் அது ஒழுங்காக ஓடியது. உலர்ந்த மணலுக்கு வந்ததும் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறித்துக்கொண்டு இறங்கின. பாறைக்குச் செய்த வண்டி என்றான் ஹரிகிருஷ்ணன். ராஜேந்திரன் ரிமோட்டை வாங்கித் தன் பஸ்ஸை எடுப்பது போல முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிப் பார்த்தான், இன்னும் புதைந்தது.

அதற்குள் ஓர் அலை நீண்டு வந்து அதை மூடிவிட்டுப் போயிற்று. உப்புத் தண்ணீர் பட்டால் குடைக்கம்பி துருப்பிடித்துவிடுமே என்று ஹெலன் சொன்னாள். பிடிக்கட்டும், வேறே செய்துகொள்ளலாம் என்றாள் ஸ்வாதி. அவள் முழங்கால் நீரில் நின்றுகொண்டிருந்தாள். காலடி மணல் அரித்து அரித்துப் போக, தான் பின்னோக்கி மிதந்து போவது போலிருந்தது. தோளில் ஆதிரை, வாய் திறந்தபடி, நல்ல தூக்கத்தில் இருந்தாள். ஸ்வாதி முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள். பின்னால் ஹெலன் லாரியை மணலிலிருந்து பிடுங்கி, கவிழ்த்து, தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்தாள்.